வகுப்பறைப் படியெடுத்தலும் பதிப்புரிமையும் – தில்லி வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கற்றலும் கற்பித்தலும் படியெடுத்தலின்றி நடைபெற்ற காலம் இல்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் மாணாக்கர் ஆசிரியரிடமிருந்த ஏட்டைப் பெயர்த்தெழுதியே பாடங்கேட்டனர். அச்சு நூல் பெருகிய பின்னரும், நூலகத்தில் அமர்ந்து வேண்டிய பகுதிகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நீடித்தது. இன்றைய மாணவர் அதே பகுதியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துச் சில நிமிடங்களில் படியெடுத்துக்கொள்கிறார். அல்லது கைப்பேசியில் படம்பிடித்து வகுப்புத் தோழர் அனைவருக்கும் அனுப்பிவிடுகிறார். நோக்கம் ஒன்றே, கருவி மாறியிருக்கிறது. கருவியின் வேகம் பெருகியதால், 'பிறர் எழுதிய நூலைப் பாடத்திற்காகப் படியெடுப்பது கல்வியா, களவா?' என்ற வினா எழுகிறது. திருக்குறளில் 'கல்வி'க்கும் ஓர் அதிகாரம் உண்டு. 'கள்ளாமை'க்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டையும் வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர்க்கு இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 2012 முதல் 2017 வரை நடைபெற்ற தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கினை முன்வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. நூல், கவிதை, இசை முதலிய படைப்புகளின்மீது படைத்தவர்க்குள்ள உரிமை பதிப்புரிமை. புதிய கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படுவது காப்புரிமை. நாளேடுகளும் இவ்விரண்டையும் மயங்க வழங்குவதுண்டு. இக்கட்டுரை பேசுவது பதிப்புரிமையைப் பற்றியே.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

ஏட்டுக் காலத்தில் படியெடுத்தல் நூலைக் காக்கும் தொண்டாகவே கருதப்பட்டது. படியெடுப்பார் இல்லாத நூல் கரையானுக்கு இரையாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் 1842-இல் அச்சேறும் வரை ஏட்டுப்படிகளாகவே கைமாறி வாழ்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒப்புநோக்கிய ஏடுகள் பலவும், பெயரறியாத யாரோ ஒருவர் உழைத்துப் பெயர்த்தெழுதியவையே. அவர்கள் படியெடுத்திராவிடில் நமக்கு அந்நூல்கள் கிடைத்திரா.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஒரே நாளில் ஆயிரம் படிகள் அச்சிட இயலும் என்ற நிலையில், முதலிட்டு அச்சிட்டவரின் இழப்பும் எழுதியவரின் கூலியும் கேள்விக்குள்ளாயின. இதனால் சட்டம் பிறந்தது. இன்று நம் நாட்டில் நடைமுறையிலுள்ள பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு 1958 சனவரியில் செயலுக்கு வந்தது. ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும் என்பது அதன் தொடக்கநிலை. 1941-இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்களுக்கு 1991-உடன் அக்காலம் முடிவடைய இருந்தது. அதனையொட்டி 1992-இல் திருத்தம் செய்யப்பட்டு, 50 ஆண்டுகள் 60 ஆண்டுகளாயின. அத்திருத்தம் தாகூருக்கு மட்டுமன்றி எல்லா மொழி எழுத்தாளர்க்கும் பொருந்துவதாயிற்று.

தமிழகம் வகுத்த தனிவழி

பதிப்புரிமை வரலாற்றில் தமிழகத்திற்கு ஒரு தனியிடம் உண்டு. 1921-இல் மறைந்த பாரதியின் பாடல்கள் 1940-களில் தனியார் உரிமையில் இருந்தன. இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கவியின் பாடலை மக்கள் பாடத் தடை இருக்கலாமா என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949-இல் அன்றைய சென்னை அரசு அவ்வுரிமைகளைப் பெற்று, பின்னர்ப் பாரதியின் படைப்புகளை மக்களுக்கே பொதுவாக்கியது. அதன் வழியில் அண்ணாவின் நூல்கள் 1995-இலும் கல்கியின் நூல்கள் 1999-இலும் நாட்டுடைமையாயின. பின்னர்ப் பலர் நூல்கள் அவ்வரிசையில் சேர்ந்தன. எழுத்தாளரின் மரபுரிமையர்க்கு அரசு பரிவுத்தொகை வழங்குகிறது. நூலை எவரும் அச்சிடலாம், படியெடுக்கலாம். எழுதியவர் குடும்பத்திற்கும் இழப்பில்லை, படிப்பவர்க்கும் தடையில்லை. இந்நூல்களுட் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாணவரைக் கடைக்கு அனுப்புமுன் ஆசிரியர் இந்நூலகத்தை நோக்குதல் நலம்.

சட்டம் கூறுவது யாது?

1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உரிமையாளரின் இசைவின்றியும் செய்யத்தக்க செயல்களைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் வகுப்பறைக்கு நெருங்கியவை நான்கு.

முதலாவது, தனிப்பட்ட ஆய்வு, திறனாய்வு முதலியவற்றிற்காக நேர்மையான அளவில் பயன்படுத்துதல். ஆய்வேடு எழுதும் மாணவர் மேற்கோள் காட்டுவது இதனுள் அடங்கும்.

இரண்டாவது, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தல். தேர்வு வினாவில் ஒரு பகுதியை எடுத்தாளுதல். விடையில் அதனை எழுதுதல். இவ்விதியில் பக்க அளவு ஏதும் குறிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, பாடத்திற்கெனத் தொகைநூல் வெளியிடுதல். தன்னாட்சிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் பகுதி ஒன்று தமிழுக்குச் செய்யுள் திரட்டுகளை அச்சிடுவது நாமறிந்ததே. அத்தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை அற்றதாக இருத்தல் வேண்டும். உரிமையுள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளையே சேர்க்கலாம். ஓராசிரியரின் நூல்களிலிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் ஒரே வெளியீட்டாளர் ஐந்தாண்டுக் காலத்தில் வெளியிடுதல் கூடாது. சங்கப்பாடல், காப்பியம், சிற்றிலக்கியம் ஆகியவற்றோடு புதுக்கவிதை சிலவும் சேரும் நம் திரட்டுகள் இவ்விதியை நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்காவது, நூலகம் பற்றியது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை, இலாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டிற்கு மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். மறுபதிப்புக் காணாத தமிழ் நூல்கள் மிகுதி என்பதால் இவ்விதி நமக்கு மிகவும் பயன்படக்கூடியது.

தில்லி வழக்கு

தில்லிப் பல்கலைக்கழகத்தின் தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இராமேசுவரி ஒளிநகல் நிலையம் என்ற சிறுகடை பல்கலைக்கழகத்தின் உரிமம் பெற்று இயங்கிவந்தது. பேராசிரியர்கள் பாடத்திட்டத்திற்குரிய நூல்களிலிருந்து இயல்களைத் தெரிவு செய்து தருவர். கடைக்காரர் அவற்றை ஒரு கட்டாகத் தைத்து, பக்கத்திற்கு 40 பைசா வீதம் மாணவர்க்கு வழங்குவார். 2012 ஆகஸ்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்சு பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்டு பிரான்சிசு ஆகிய நிறுவனங்கள் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு அக்டோபரில் அத்தொகுப்புகளை விற்க இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

மாணவர்களும் ஆசிரியர்களும் அமைப்பாகத் திரண்டு தம்மையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினர். எந்த நூலாசிரியர்களின் நலனுக்காக வழக்கு என்று கூறப்பட்டதோ, அவர்களுள் பலர் வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டனர். நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் அவர்களுள் ஒருவர்.

பதிப்பகங்களின் வாதத்தையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் ஒரு பகுதியைப் படியெடுத்துத் தருவதை அவர்கள் எதிர்க்கவில்லை. கடைக்காரர் ஒருவர் பொருளீட்டும் தொழிலாக, பல நூல்களின் இயல்களைத் தொகுத்து ஆண்டுதோறும் விற்பது பாடநூல் வெளியிடுவதற்கு ஒப்பாகும் என்பதே அவர்கள் கூற்று. படியெடுப்போர் உரிமச் சங்கத்திற்குக் கட்டணம் செலுத்தி இசைவு பெறலாம் என்றும் கூறினர். அமெரிக்காவில் 1991-இல் கிங்கோசு என்ற ஒளிநகல் நிறுவனத்தின் மீதான வழக்கில் நீதிமன்றம் பதிப்பகங்களின் பக்கமே தீர்ப்பளித்தது.

2016 செப்டம்பர் 16-இல் நீதிபதி இராஜீவ் சகாய் எண்ட்லா பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது இயற்கையாகவோ தெய்விகமாகவோ அமைந்த உரிமையன்று. மக்களின் அறிவு வளர்ச்சிக்கெனச் சட்டம் வழங்கிய உரிமை. ஆகவே சட்டம் விலக்களித்த இடத்தில் அவ்வுரிமை மீறப்பட்டதாகக் கொள்ள இயலாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். முன்னர் மாணவர் நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதியதை இன்று பொறி செய்கிறது. கையால் எழுதியது குற்றமன்று எனில் பொறியால் எடுப்பதும் குற்றமாகாது என்பது அவர் காட்டிய நெறி.

மேல்முறையீட்டில் நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேசு கன்னா ஆகியோர் 2016 டிசம்பர் 9-இல் தீர்ப்பளித்தனர். கற்பித்தல் என்பது வகுப்பறையின் நான்கு சுவர்க்குள் ஆசிரியர் பேசும் நேரத்தோடு முடிவதன்று. பாடம் தொடங்குமுன் தரும் வாசிப்பும் முடிந்தபின் தரும் வாசிப்பும் அதனுள் அடங்கும் என்றனர். எத்தனை பக்கம் எடுக்கலாம் என்று எண்ணிக்கையால் வரையறுக்காமல், கற்பித்தலின் நோக்கத்திற்கு அது தேவைப்பட்டதா என்பதையே அளவுகோலாகக் கொண்டனர். பாடத்தொகுப்பில் சேர்த்த பகுதிகள் அந்நோக்கத்திற்குத் தேவையானவைதாமா, முழுநூல்களைப் படியெடுத்தது ஏற்புடையதா என்னும் வினாக்களை விசாரணைக்கு விட்டனர். ஆயின் 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டமையால் அவ்விசாரணை நடைபெறவேயில்லை. உரிமச் சங்கம் உச்சநீதிமன்றத்தில் செய்த முறையீடும் 2017 மே 9-இல் தள்ளுபடியாயிற்று.

இதிலிருந்து இரண்டு செய்திகளை உளங்கொள்ளல் வேண்டும். 'தில்லியில் மாணவர் வென்றுவிட்டனர். எதையும் படியெடுக்கலாம்' என்பது பிழையான முடிவு. பாடத்திற்குத் தேவையான பகுதிகளைப் படியெடுக்கலாம் என்பது உறுதியாயிற்று. முழுநூல் பற்றிய வினா விடையின்றி நின்றது. மேலும், தில்லி உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வழிகாட்டுமேயன்றி அதனைக் கட்டுப்படுத்தாது.

நம் பகுதியின் நிலை

தோல் தொழிலால் வாழும் நம் பகுதிக்கு இவ்வழக்கு தொலைவிலுள்ள செய்தியன்று. வாணியம்பாடியில் 1919-இல் இசுலாமியாக் கல்லூரியும், மேல்விசாரத்தில் 1965-இல் சி. அப்துல் அக்கீம் கல்லூரியும், ஆம்பூரில் 1969-இல் மழ்கருல் உலூம் கல்லூரியும் தோன்றின. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருள் கல்விக்குக் கொடையாக வந்த மண் இது. இங்குப் பயிலும் மாணவருள் பலர் தோல் பதனிடும் தொழிலாளர், காலணித் தொழிற்சாலையில் மேற்புறம் தைக்கும் பெண்டிர், பீடி சுற்றுவோர் ஆகியோரின் மக்கள். பலர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். ஒரு பருவத்திற்கு ஐந்தாறு தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் நான்கைந்து பார்வை நூல்கள். இவை அனைத்தையும் விலைகொடுத்து வாங்குக என்பது, படிக்கவேண்டா என்று கூறுவதற்கு நிகர். சட்டம் அளித்த விலக்கு இம்மாணவர்க்காகவே அமைந்தது எனலாம். அதனைப் பயன்கொள்ள ஆசிரியர் கூச்சப்பட வேண்டுவதில்லை.

கடைக்காரர் காசு வாங்குவதால் செயல் வணிகமாகிவிடாதா என்னும் ஐயத்திற்கு நம் ஊர்த் தொழிலிலேயே விடை உண்டு. பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தருபவர் அத்தோலுக்கு உரிமையாளர் ஆவதில்லை, பெறுவது வேலைக்கூலி. ஆசிரியர் தெரிந்தளித்ததை மாணவர்க்குப் படியெடுத்துத் தரும் கடைக்காரரும் அத்தகையவரே. ஆனால் அவரே அப்படியை வழியில் போவோர்க்கெல்லாம் விற்கத் தொடங்கினால் கூலிக்காரர் என்ற நிலை நீங்கி வணிகர் ஆகிவிடுகிறார். வெளிநாட்டார் கொடுத்த மாதிரிக்குக் காலணி தைத்தளிக்கும் தொழிற்சாலை அதே மாதிரியை வேறொருவர்க்குத் தைத்து விற்பது நம்பிக்கைக் கேடு என்பதை இப்பகுதியில் விளக்கவேண்டுவதில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். நூலும் அவ்வாறே.

தமிழ் நூலுக்கு ஒரு தனிக்கருத்து

தில்லி வழக்கில் எதிர்நின்றவை உலகப் பெரும் பதிப்பகங்கள். அவற்றின் நூல் விலை ஆயிரக்கணக்கில் அமைவது. தமிழ்த்துறையில் நிலைமை வேறு. நாம் படியெடுக்கும் நூலின் ஆசிரியர் பெரும்பாலும் பக்கத்து ஊரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, தம் சேமிப்பைக் கொண்டு தொகுப்பு வெளியிட்ட கவிஞராகவோ இருப்பார். ஒரு நூலின் விலை 200 ரூபாய் என்றும், ஆசிரியர்க்கு உரிமத்தொகை பத்து விழுக்காடு என்றும் கொள்வோம். 60 மாணவர் கொண்ட வகுப்பு அந்நூலை முழுமையாகப் படியெடுத்தால் ஆசிரியர் இழப்பது 1,200 ரூபாய். பதிப்பாளர் இழப்பது 60 படிகள். சில நூறு படிகளே அச்சிடும் சிறுபதிப்பாளர்க்கு 60 படி என்பது அடுத்த நூலைத் துணிவதா கைவிடுவதா என்று தீர்மானிக்கும் எண்ணிக்கை. மாணவர்க்கோ, 200 பக்க நூலைப் படியெடுத்துத் தைக்கும் செலவுக்கும் நூலின் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறிது. வெளிநாட்டு நூலைப் படியெடுக்கக் கூறப்படும் வறுமை என்னும் நியாயம் தமிழ் நூலிடத்து அதே வலிமையோடு நிற்பதில்லை.

கைப்பேசிக் கோப்பு இதனினும் பெரிய இடர். 2020-இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்ட போது பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. முழுநூல்களும் கோப்புகளாகப் பரவின. அந்நெருக்கடி நீங்கியது, வழக்கம் நீங்கவில்லை. ஒளிநகல் ஒரு வகுப்போடு நிற்கும். கோப்பு ஒரு குழுவிலிருந்து மறுகுழுவிற்குச் சென்று உலகெங்கும் பரவும். வகுப்பிற்கு அளித்ததைக் கற்பித்தல் எனலாம். உலகிற்கு அளித்ததை அவ்வாறு கூறல் இயலாது.

மூலம், உரை, உரிமை

தமிழாசிரியர் சிறப்பாகக் கருதவேண்டியது மூலத்திற்கும் உரைக்கும் உள்ள வேறுபாடு. சங்க இலக்கியம், திருக்குறள், சிலப்பதிகாரம், சீறாப்புராணம் ஆகியவற்றின் மூலத்திற்குப் பதிப்புரிமை இல்லை. பரிமேலழகர், நச்சினார்க்கினியர் உரைகளுக்கும் இல்லை. ஆனால் நம் காலத்து அறிஞர் எழுதிய உரைக்கும் ஆய்வு முன்னுரைக்கும் தனியே உரிமை உண்டு. உரிமைக் காலத்தைக் கணக்கிடுதல் எளிது. ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொட்டு 60 ஆண்டுகளை எண்ணுதல் வேண்டும். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய கவிக்கோ அப்துல் ரகுமான் 2017-இல் மறைந்தார். அவ்வாண்டு மறைந்த ஒருவரின் நூலுக்குச் சட்டப்படியான காலம் 2077 முடிய நீளும். நூல் நாட்டுடைமையாக்கப்பட்டிருப்பின் இக்கணக்கு பொருந்தாது; ஆதலின் நாட்டுடைமைப் பட்டியலைச் சரிபார்த்தல் முதற்கடமை.

வகுப்பிற்குரிய நெறிமுறைகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்துச் சில நெறிமுறைகளை வகுத்துக்கொள்ளலாம்.

1. பாடத்திற்கு வேண்டிய கவிதை, சிறுகதை, கட்டுரை, நூலின் இயல் ஆகியவற்றை வகுப்பு மாணவர் எண்ணிக்கை அளவிற்குப் படியெடுத்தல் தகும்.

2. படியெடுத்த தாளின் தலைப்பில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியன தவறாது இடம்பெறல் வேண்டும். பெயரற்ற தாள் மாணவரின் ஆய்வுப் பழக்கத்தையும் கெடுக்கும்.

3. கடையில் விலைக்குக் கிடைக்கும் தமிழ் நூலை முழுமையாகப் படியெடுத்தல் தவிர்க்கத்தக்கது. துறை நூலகத்திற்குச் சில படிகளை வாங்கி, பருவத்திற்கு ஒருமுறை சுற்றில் விடலாம். தேர்ந்து சென்ற மாணவரின் நூல்களைக் கொண்டு நூல் வங்கி அமைக்கலாம்.

4. மறுபதிப்பில்லாத நூலெனில், வாழும் ஆசிரியர்க்கு ஓர் அஞ்சல் எழுதி இசைவு கேட்கலாம். தம் நூல் பாடமாகிறது என்பதற்கு மகிழாத எழுத்தாளர் அரியர்.

5. ஆசிரியரின் பாடக்குறிப்புகளும் அவருடைய படைப்பே. அவற்றை 'வழிகாட்டி' எனக் கடையில் விற்கக் கொடுத்தல் மாணவர்க்கும் தகாது.

6. தேர்விற்கு முழுநூலுக்குப் பதில் பத்துப்பக்கக் குறிப்பே போதும் என்ற எண்ணத்தை ஒளிநகல் வளர்த்துவிடக் கூடாது. படியெடுத்த பகுதி, நூலைத் தேடிச் செல்லத் தூண்டுவதாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

பதிப்புரிமைச் சட்டம் எழுதியவரின் உழைப்பைக் காக்கிறது. அதன் 52-ஆம் பிரிவு கற்பவரின் தேவையைக் காக்கிறது. தில்லி வழக்கின் தீர்ப்பு இரண்டாவதை உறுதிசெய்தது, முதலாவதை நீக்கிவிடவில்லை. ஏழை மாணவர்க்கு நூலின் கதவு அடைபடாதிருத்தல் வேண்டும். நாளையும் தமிழில் நூல் எழுதுவார் இருத்தல் வேண்டும். தில்லி நீதிபதிகள் அளவுகோலைப் பக்க எண்ணிக்கையில் வைக்காது கற்பித்தலின் நோக்கத்தில் வைத்தனர். அந்நோக்கத்தை நன்கறிந்தவர் பாடம் நடத்தும் ஆசிரியரே. ஆகவே எதனைப் படியெடுப்பது, எதனை வாங்கச் சொல்வது, எதற்கு இசைவு கேட்பது என்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் துறையினர் கூடிப் பாடத்திட்டத்தோடு சேர்த்து முடிவு செய்தல் இன்றியமையாதது. ஏடு பெயர்த்தெழுதியோர் நூலைக் காத்தனர். ஒளிநகல் எடுக்கும் நாமும் நூலைக் காப்போர் வரிசையில் நிற்பதே தமிழ் பயில்வார்க்கு அழகு எனத் துணியலாம்.